டாக்டரம்மாவின் உப்பு வயல்

டாக்டரம்மாவின் சாப்பாட்டு டப்பாவில் சோறு மூடியில் ஒட்டும் அளவுக்கு அழுந்தியிருக்கும். ஓரத்தில் ஒரு துண்டு வறுத்த கருவாடு. பிலிப்பைன்சிலிருந்து வந்த நெல் விஞ்ஞானி, மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர். வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் புளிக்குழம்பில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார். அந்த உரிமை எனக்குப் பிடித்திருந்தது. அம்மா போன பிறகு பாளையங்கோட்டை வீட்டில் நான் ஒருத்திதான். என் குழம்பில் கை வைக்க வேறு ஆளில்லை.

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நான் கள உதவியாளர். உப்பைத் தாங்கும் நெல்லைத் தேடி நான்கு நாடுகள் சேர்ந்து ஒரே விதைகளை ஒரே முறையில் நட்டுப் பார்த்தன. நம் பங்குக்கு, கொற்கைக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒரு வயல். அங்கே வெயில் ஏற ஏற மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். விதைகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஐந்தாம் எண் தன்னுடையது என்பதை டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். பதினோரு வருடமாக அவர் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நெல் அது. இந்த வயலில் அது தேறாவிட்டால் சோதனையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அவரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நட்ட ஒரு வாரத்தில் ஐந்தாம் பாத்தி கருக ஆரம்பித்தது. டாக்டரம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். நடவுப் பெண்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் 'பைய', அதாவது மெதுவாக. வரப்பு வழுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்காமல் இறங்கிப் போனார். மறுநாள் விசா வேலையாகச் சென்னை கிளம்பிவிட்டார்.

நட்ட பத்தாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது ஐந்தாம் பாத்தியில் ஓர் இடம்கூடக் காலியில்லை. எல்லாம் பச்சைப் பசேல் என்று நின்றது. நடவுப் பெண்களில் மூத்தவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவிய ஒத்தையில நின்னு செத்த நாத்தையே பாத்துக்கிட்டு நின்னாவ. எங்களுக்கு மனசு கேக்கல. மிச்சம் கெடந்த நம்மூரு நாத்த எடுத்து ஊணிட்டோம். நட்ட வயல்ல பொக்கை கெடக்கலாமா, நீயே சொல்லு?" என்றாள்.

அவளை என்ன சொல்ல? எந்த வயலிலும் நட்ட சில நாளில் செத்ததைப் பிடுங்கிவிட்டுப் புது நாற்று ஊன்றுவதுதான் இங்கே வழக்கம். அதைச் செய்யாதவனைத்தான் ஊர் ஏசும். ஆனால் அந்த வயலில் எத்தனை செத்தன என்பதுதான் சோதனையே. இந்த ஒன்றை நடவுக்கு முன்பே சொல்ல வேண்டியவள் நான். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா திரும்பியதும் சொல்லியிருக்கலாம். அவரோ பாத்திக்குள் இறங்கி நாற்றுகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, கருகியதெல்லாம் தேறிவிட்டது என்று நம்பி, சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். ஊர்க்காரிகளைக் காப்பாற்றத்தான் பேசாமலிருந்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். உண்மை தெரிந்தால் அவர் போய்விடுவார். எனக்கு அது தாங்காது. அவ்வளவுதான் விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், ஒரு வரிகூடப் புரியாத தமிழ்ப் பாட்டை அவர் என் பக்கத்தில் நின்று உரக்கப் பாடினார். நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஒரு காலையில் டாக்டரம்மா எண்ணிக்கை அறிக்கையைத் தயார்செய்துவிட்டு, "இன்றைக்கு மற்ற மூன்று நாட்டுக்கும் அனுப்புகிறேன், நீயும் பக்கத்தில் இரு" என்று கூப்பிட்டார். வங்கதேசத்திலும் வியட்நாமிலும் உப்பு நிலத்தில் கிடந்து அல்லாடும் யாரோ இதை நம்பி விதைப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டார்.

"நட்ட பத்தாம் நாளிலிருந்து."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஐந்தாம் எண்ணுக்கு எதிரே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, 'இந்த வயலின் எண்ணிக்கை செல்லாது' என்று எழுதி அனுப்பினார். மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குள் போய்ச் சாப்பிட்டார். இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விட்டார். ரயிலடிக்கு வா என்று கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, இந்தப் போகத்துக்கு, அதே கூட்டுச் சோதனைக்கான விதைப் பெட்டி மறுபடியும் எங்கள் நிலையத்துக்கு வந்தது. கூடவே வயல் வரைபடமும் ஒரு படிவமும். எண்ணிக்கைக்குப் பொறுப்பு என்ற கட்டத்தில் மற்ற நாடுகளுக்கெல்லாம் நிலையங்களின் பெயர் அச்சாகியிருந்தது. நம் நாட்டுக்கு மட்டும் கையால் என் பெயர் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கடிதம் எதுவும் இல்லை.

நடவுக்கு முன்பே பெண்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். "அவிய வருதாவளா?" என்று மூத்தவள் கேட்டாள். இல்லை என்றேன். இந்த முறை எந்த எண் அவருடைய நெல் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. நேற்றுக் காலை தனியாகப் போய் எண்ணினேன். ஒன்பதாம் பாத்தியில் முக்கால்வாசி செத்துக் கிடந்தது. அவருடையதாகவும் இருக்கலாம். ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணி, செத்ததைச் செத்தது என்றே எழுதி அவருக்கு அனுப்பினேன்.