மூச்சு விடக் கூடாது

"மூச்சு விடக் கூடாது" என்று என்னிடம் சொன்னவரும் மாணவர்களுக்கு மூச்சுப் பயிற்சி முகாம் நடத்தியவரும் ஒரே ஆள்தான். எங்கள் துறைப் பேராசிரியர், என் ஆய்வு வழிகாட்டி. அப்போது நான் திருநெல்வேலியில் முதுநிலை இரண்டாம் ஆண்டு.

ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே இடுப்பளவு ஆற்றில் இறங்கி நான் எடுத்த தண்ணீர், நான் செய்த சோதனை, நான் எழுதிய முடிவு. கட்டுரையாக வந்தபோது அதில் அவர் பெயரும் அவருடைய மைத்துனர் மகன் பெயரும்தான் இருந்தன. அந்த மகராசன் தாமிரபரணியை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பான். என் பெயரும் இருந்திருந்தால் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும். இல்லாவிட்டால் அம்மாவோடு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. அதனால் போய்க் கேட்டேன்.

"இங்க பாரு பிள்ள, வைவா மார்க்கு என் கையிலதான இருக்கு. இதப் பத்தி வெளிய மூச்சு விடக் கூடாது, பாத்துக்கோ" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கண்டாலே நெஞ்சு அடைத்தது. கருத்தரங்கில் பேச எழுந்து, வார்த்தை வராமல், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகுதான் அவருக்கு மாணவர் நலனில் அக்கறை பொங்கியது. முகாமுக்கு பேனர் கட்டி, தன் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்மணி நல்லவர். மூக்கால் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, வாயால் மெதுவாக விடச் சொன்னார். செய்துகாட்ட யார் வருவீர்கள் என்று அவர் கேட்டதும் வழிகாட்டி என்னைக் கை காட்டினார்.

"இந்தப் பிள்ளைக்குத்தான் ரொம்பப் படபடங்குது."

மேடையேறி இழுத்தேன், விட்டேன். கூடமே சிரித்தது. மறுநாளிலிருந்து என் பெயர் இழுப்பு. ஆஸ்துமாக்காரர்களைச் சொல்லுகிற சொல். "ஏளா இழுப்பு, சாப்பிட வாரியா?" என்று அறைத்தோழியே கூப்பிட்டாள். பாவி, அவள் தட்டைக்கூட நான்தான் கழுவி வைப்பேன்.

ஆனால் பயிற்சி பலித்தது. வைவா அன்று கழிப்பறையில் நின்று பைய இழுத்துப் பைய விட்டேன். நெஞ்சு லேசானது. வழிகாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் அவர், "இதே முடிவை உங்க சாரோட கட்டுரையில வாசிச்சேனே, அதுலேர்ந்து எடுத்தியாம்மா?" என்றார்.

"இல்ல சார். அது என் வேலை. என் பேர எடுத்துட்டாங்க."

குரல் நடுங்கவில்லை. வழிகாட்டி கோபப்படவும் இல்லை. கைப்பேசியை எடுத்து, பேனருக்குக் கீழே நான் கண்ணை மூடி மூச்சு விடும் படத்தைக் காட்டினார்.

"பாவம் சார், மனசு சரியில்லாத பிள்ள. இப்படித்தான் என்னத்தையாவது சொல்லுது. இவளுக்காகத்தான் முகாமே நடத்துனேன்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

வழிகாட்டி தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் முன்னால் வைத்தார். "பதறாத பிள்ள. மூச்ச உள்ள இழு. ம். பைய விடு."

தேர்வாளரும் கையை ஏற்றி இறக்கித் தாளம் போட்டார். இருவருக்கும் முன்னால் நான் இழுத்தேன், விட்டேன். தேறுகிற அளவுக்கு மார்க்கு போட்டு அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் மூச்சு சீராகத்தான் வருகிறது. வாழைக்குக் களை வெட்ட அது போதும்.