கோட்டுக்கு வெளியே ஆறு சோடி சப்பாத்து

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. 4.50க்கு எழுந்தேன். ஒரு பிளேன்டீ. 6.10க்குப் பதுளையில் பஸ். 7.15க்குத் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலை. என் டயரியில் எல்லா நாட்களும் இப்படித்தான் தொடங்கும். அன்றைய குறிப்பு மட்டும் மூன்றாம் பாடவேளையோடு நின்றுபோனது.

வாரம் ஒருமுறை தரம் பதினொன்றுக்கு மேடைப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசுவது, கடைசி வாங்கில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது... எல்லாவற்றிலும் சரண்யாதான் முதல். மைக் தேவைப்படாத குரல்.

அவளுக்கு நிஜமான பேச்சு ஒன்று காத்திருந்தது. சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். அந்த விண்ணப்பத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கையெழுத்திட வேண்டும். அம்மா இரண்டு முறை ஆபீசுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். ஒப்படைக்கப் புதன்கிழமைதான் கடைசி நாள்.

“நாளைக்குக் காலையில நானும் அம்மாவும் போறோம் சேர். நான்தான் பேசணுமாம்.”

சரி, அதையே பயிற்சியாக்கினேன். தரையில் சோக்கால் ஒரு கோடு — அதுதான் ஆபீஸ் வாசல். உள்ளே நாற்காலியில் நான் — துரை.

சரண்யா கோடு வரை வந்தாள். குனிந்தாள். வெள்ளைச் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள். இரண்டையும் கோட்டுக்கு வெளியே ஒழுங்காக வைத்தாள். பிறகு கோட்டைத் தாண்டாமலே, கைகட்டி, தரையைப் பார்த்து, “ஐயா...” என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரல் எங்கே போனது?

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அடுத்து ஐந்து பேரை அழைத்தேன். ஐந்து பேரும் அதே மாதிரி...

“யார் இதைச் சொல்லித் தந்தது?”

“யாரும் சொல்லல சேர். அம்மா அப்படித்தான் நிப்பாங்க” என்றாள் சரண்யா.

பின்வாங்கிலிருந்து வினோத் எழுந்தான். “நீங்களும் கழட்டினீங்க தானே சேர்? ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு கிரவுண்ட் கேட்டு ஆபீசுக்குப் போனப்ப. நாங்க பைப்படிகிட்ட நின்னு பார்த்தோமே.”

“சும்மா இருடா. சேருக்குக் கால் வேர்த்திருக்கும்!” சரண்யா என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். இப்போது வகுப்பே சிரித்தது.

நானா? குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். ஒன்று மட்டும் சொன்னேன்: “நாளைக்கு நானும் வாறேன். யாரும் எதையும் கழட்டக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும் பழைய பக்கத்தைப் புரட்டினேன். ஆபீசுக்குப் போன நேரம், காத்திருந்த நாற்பது நிமிடம், வாசலில் கட்டியிருந்த நாயின் நிறம்கூட எழுதியிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்றியது மட்டும் இல்லை. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலும் குறித்துவைப்பவன் நான்! மறைக்கவில்லை... மூச்சு விட்டதை யாராவது டயரியில் எழுதுவார்களா?

வாய்க்குப் பயிற்சி தருகிறோம். கால்கள் எப்போதோ கற்றுமுடித்த பாடத்தை யார் பார்த்தோம்?

புதன் காலை எழுந்து முகம் கழுவியதும் முதல் வேலை — சப்பாத்து நாடாவுக்கு இரட்டை முடிச்சு. 7.30க்கு ஆபீஸ் வாசல். சரண்யாவின் அம்மா செருப்போடு தயங்கி நின்றார்.

“ஏச மாட்டாங்களா சேர்?”

“வாங்கம்மா.”

மூவரும் உள்ளே போனோம். சரண்யா பேசினாள், தன் சொந்தக் குரலில். நான்கு நிமிடத்தில் கையெழுத்து.

துரை எங்கள் கால்களைப் பார்க்கவே இல்லை.