ஆட்டிடம் சொன்ன மழை

பக்கத்து வீட்டுச் செல்லமணியோடு நான் பன்னிரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. என் மகளின் கல்யாணத்தில் நான் அவித்த பிட்டைக் "கடற்கரை மணல் மாதிரி" என்று சபையில் சொன்னவள் அவள்.

இன்று காலை அவள் எங்கள் வீடுகளுக்கு முன்னால், சல்லி ஊர்க் கரையில் கருவாடு காயப் போட்டிருந்தாள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போக வாரத்தில் இரண்டு நாள்தான் கடற்படை பாஸ் தருகிறது. அவள் வீட்டாருக்கு இருப்பது அந்தக் கருவாடுதான்.

முன்பெல்லாம் ஐப்பசியிலேயே வடக்கிலிருந்து வாடைக் காற்று வரும், மழை நாள்கணக்கில் தூறும். இப்போது கார்த்திகையிலும் தென்மேற்கின் வறண்ட கச்சான் காற்று விடாமல் நின்று கடலைச் சூடாக்குகிறது. பிறகு வாடை திரும்பும் அன்று, சேர்ந்த ஈரமெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. இன்று வாடை என் கன்னத்தில் பட்டது.

அவளிடம் நேரே சொல்ல ஏலாது. என் ஆட்டிடம் சத்தமாகச் சொன்னேன்: "கேட்டியோடி, காத்துத் திரும்பிட்டுது. கருவாடு போட்டவை கெதியா அள்ளட்டும்!"

அவள் தன் கோழியிடம் சொன்னாள்: "ரேடியோவில மழை இல்லையாம். ஆட்டுக்கு ஆர் சொன்னது?"

சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தாள். பாயைச் சுருட்டத் தொடங்கினாள். மற்றப் பாயை நான் சுருட்டினேன். இரண்டும் என் வீட்டுக் குசினிக்குள், அடுப்படிக்குப் போன கையோடு கொட்டியது பாருங்கள், அப்படியொரு மழை!

மழை விடும்வரை இருந்தவளுக்குப் பிட்டு வைத்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

நாங்கள் இன்னும் கதைப்பதில்லை. உங்கள் ஊரில் ஆடு கோழி மூலம் கதைப்பவர்கள் யாரும் உண்டோ?