நீளப்பட்டையில் சிவப்புக் கோடு

நான் முதன்முதலாகச் சொந்தமாக வடிவமைத்தது ஒரு எலாஸ்டிக் பட்டை. சோபா இருக்கைக்கு அடியில், மரச்சட்டத்தில் இழுத்து அடிப்பார்கள். மேலே ஸ்பாஞ்சும் துணியும் வந்து மூடிவிடும். வாங்கிப் போகிறவர்கள் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மல்லசமுத்திரத்துக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி எங்கள் ஷெட். முன்பக்கம் பேக்கிங் மேசை, பின்பக்கம் குரோஷே மிஷின்கள். வரிசையாக நிற்கும் ஊசிகள் நூலைச் சங்கிலி சங்கிலியாகப் பின்னிக்கொண்டு போகும். சங்கிலிகளுக்கு நடுவே ரப்பர் இழை நேராக ஓடும். குறுக்கு நூல் அங்கும் இங்கும் போய்வந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும். ரப்பரை எவ்வளவு இழுத்து விடுவது, குறுக்கு நூல் எத்தனை ஊசியைத் தாண்டிப் போவது என்பதுதான் டிசைன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது பேக்கிங் மேசையில். அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். என்னை ஏதாவது கேட்டால், நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் பேச்சு வேறு வீட்டுக்குப் போயிருக்கும். பிறகு என்னை மிஷினுக்கு மாற்றினார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பதில் எதிர்பார்ப்பதில்லை. மூச்சு விட்டதுபோல் இருந்தது.

டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். அறுந்த நூலை முடிந்து முடிந்தே நான் மிஷினின் போக்கைத் தெரிந்துவைத்திருந்ததை முதலாளி கவனித்திருக்கிறார்.

"ஓமலூர்ல இருந்து சோபாக்காரர் ஒருத்தர் பட்டை கேக்கறாருங்கம்மணி. நீயே போட்டுப் பாரு. அவரு சரின்னுட்டா டிசைன் வேல உன்னுது. இல்லீனா நான் வெளிய ஆளு பாக்கோணும், நீ பேக்கிங்குக்கே போயிரோணும்."

"சரிங்ணா" என்றேன். மறுபடியும் அந்த மேசை என்று நினைத்ததுமே மிஷின் பக்கம் திரும்பிவிட்டேன்.

சோபாக்காரர் மூன்று பேர் உட்காரும் வெறும் மரச்சட்டம் ஒன்றை அனுப்பியிருந்தார். அதை மிஷின்களுக்குப் பின்னால் போட்டேன். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பட்டையைப் பின்னி ஆணி அடித்து, மத்தியானம் சோற்று டப்பாவோடு அதன் நடுவில் உட்காருவேன். ரப்பர் தளர்ந்திருந்தால் தரை வரைக்கும் இறங்கும். இறுகினால் பலகை மாதிரி இருக்கும். மாற்றுவேன், மறுபடி அடிப்பேன், மறுபடி உட்காருவேன். ஒருநாள் பட்டை அளவாக இறங்கி நின்றது. எழுந்ததும் பழைய இடத்துக்கு வந்தது. டப்பா காலியான பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.

என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் டிரில்லராக இருக்கிறார். வண்டி வடநாட்டுப் பக்கம் போனால் மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அன்று சாயங்காலம் அவர் போன் பேசியபோது பட்டையைப் பற்றிச் சொன்னேன். பின்னால் கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது.

"நாமளும் ஒரு சோபா வாங்கலாமுங்களா?"

"நம்மூட்டுக்கு எதுக்குப் புள்ள சோபா? ஆரு வந்து உக்காரப் போறாங்க?"

சாப்பிட்டாயா என்று கேட்டார். ஆச்சுங்க என்றேன்.

பட்டை ஓமலூருக்குப் போனது. கொஞ்ச நாளில் சோபாக்காரரே பைக்கில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க, ஒருத்தர் உக்காந்தா ராசா கணக்கா இருக்குதுங்க. ரெண்டு பேரு உக்காந்தா நடுவால சரிஞ்சு ஒருத்தரு மேல ஒருத்தரு உழுகறாங்க!"

முதலாளி சிரித்துவிட்டார். "புதுசாக் கல்யாணமானவிங்களுக்கு வித்துப் போடுங்க."

"அட, நீங்க ஒண்ணு. உக்காந்தது மாமியாளும் மருமகளுமுங்க!"

பேக்கிங் மேசையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போகும்போது சோபாக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பக்கத்துல இருக்கறவரு உக்காந்ததும் தெரியக்கூடாது, எந்திரிச்சதும் தெரியக்கூடாதுங்க. அதுதானுங்க நல்ல சோபா."

"அடுத்த வாரம் வாராருங்கம்மணி. அதுக்குள்ள சரி பண்ணிரு" என்றார் முதலாளி. சரி பண்ணாவிட்டால் என்ன என்பதை அவர் திரும்பச் சொல்லவில்லை.

சட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. அப்போதுதான் புரிந்தது, நான் எப்போதும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஓரமாக உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் மடிக்காத துணி.

பட்டையைச் சோதிக்க இன்னொரு ஆள் வேண்டும். ஒரு ஓரத்தில் நூல் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தேன். பெட்டி சாய்வதில்லை, நகர்ந்து உட்காருவதில்லை. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் மேசைக்குப் போய் நின்றேன். மேசையிலேயே வாட்டசாட்டமான அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சாமி, டேப்பு வேணுமா?"

"இல்லீங்கக்கா… சித்த நேரம் வந்து எம்பக்கத்துல உக்கார முடியுங்களா?"

அக்கா சோற்றுக் கையோடு எழுந்தார். "இத்தன வருசத்துல இப்பத்தான் வாயத் தொறந்து ஒண்ணு கேட்டிருக்கறா. வாரேன் இரு, கையக் கழுவிக்கறேன்."

அவர் ஒரு ஓரம், நான் மறு ஓரம். அவர் உட்கார்ந்த வேகத்தில் நான் சரிந்துபோய் அவர் தோளில் முட்டினேன்.

"அடி ஆத்தீ, ஊஞ்சலாட்டமல்ல இருக்குது!"

அவர் சிரிக்கச் சிரிக்க என் உடம்பும் சேர்ந்து குலுங்கியது. நானும் சிரித்தேன். தோளில் இன்னொருவர் தோள் பட்டு மாதக்கணக்காகியிருந்தது. உடனே எழுந்துகொள்ள மனம் வரவில்லை.

தப்பு நீளவாக்கில் போகும் பட்டையில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே பட்டையில் உட்காருகிறோம்; ஒருவர் அமுக்கினால் அது மற்றவரையும் இழுத்துக்கொண்டு வருகிறது. குறுக்குப் பட்டையை அப்படியே விட்டுவிட்டு, நீளத்துக்கு என்று தனியாக ஒன்று போட்டேன். அது அதிகம் நீளாமல் இருக்க, அதில் ரப்பரின் இழுவையைக் குறைத்து, குறுக்கு நூலை நெருக்கினேன். ஆணி அடிக்கிறவர்கள் மாற்றி அடித்துவிடாமல் இருக்க, நீளப்பட்டையின் நடுவே ஒரு சிவப்பு நூலை ஓடவிட்டேன்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் அக்கா வந்தார். சாய்மானம் குறைந்துகொண்டே வந்தது. வந்தபோதெல்லாம் மகளைப் பற்றி, மூட்டுவலியைப் பற்றி என் காதருகே சத்தமாகப் பேசினார். மிஷின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. தலையாட்டினேன்.

சோபாக்காரர் வந்த அன்று அக்காவும் நானும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தோம். அவர் குனிந்து பட்டையின் அடியில் கைவிட்டு அமுக்கிப் பார்த்தார். சிவப்புக் கோடு எதற்கு என்று கேட்டார். என் வேலையைப் பற்றி ஒருவர் என்னையே கேட்டது அதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

"சரிங்க, இதையே ஓட்டுங்க" என்றார் முதலாளியிடம்.

முதலாளி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேலை என்னுடையதாகிவிட்டது. இனி அந்த மேசைக்குப் போக வேண்டியதில்லை. அக்காவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன்.

ஓரம் காலியாக இருந்தது. அவர் எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியவே இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடம் கொஞ்சமும் அசையவில்லை.