கழற்றி எறிந்த வால்வு

ஆலங்குடி கார் ஸ்டாண்டில் ஆண்டியப்பனை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஆண்டியப்பனே சொல்லிக்கொள்வார். கார் வாங்கிய முதல் கோடையிலேயே இன்ஜினில் இருந்த தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்தவர். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் நிறுத்தி வைக்கிற சாமான் அது. "நம்மூரு வெயிலுக்கு அது எதுக்குங்க? அடைச்சுக்கிட்டா இன்ஜினே போயிரும்" என்பார். ஸ்டாண்டில் பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்டுக் கழற்றிப் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு குறையும் வரவில்லை. அப்புறம் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

தை மாதம் மகள் இலக்கியாவையும் கைக்குழந்தைப் பேரனையும் அழைத்துவர, ஊட்டிக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போனார். மாப்பிள்ளைக்கு அங்கேதான் வேலை. போன மறுநாள் விடியலில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. மாப்பிள்ளையோ ஷிப்ட்டில். வெளியே புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்தது.

"ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்ப்பா, வெரசா!" என்றாள் இலக்கியா.

மலை ஏறும்போது ஹீட்டரைத் திருப்பினார். ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி காற்று வந்தது.

"வண்டி சூடாகட்டும்த்தா" என்றார்.

பாதி வழி வந்தும் சூட்டு முள் அடியை விட்டு அசையவில்லை. தடுக்க வால்வு இல்லாமல் தண்ணீர் ரேடியேட்டருக்கே ஓடி, பனிக்காற்றில் குளிர்ந்து குளிர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் சுட்டால்தானே ஹீட்டர் சுடும்! அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பிள்ளை கையெல்லாம் சில்லுன்னு இருக்குப்பா. என்னப்பா வண்டி இது?"

வண்டியை ஓரங்கட்டினார். காலடியில் கிடந்த ரப்பர் மிதியடியை உருவி, காற்றுப் படாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் வைத்துக் கட்டினார். விரல் விறைத்து முடிச்சு விழவே மாட்டேன் என்றது. பாவி மனுஷன், முள் ஏறிவிடக் கூடாதே என்று ஆயுசு முழுக்கப் பயந்தவர், "ஏறு, ஏறித் தொலையேன்" என்று அதனிடமே கெஞ்சிக்கொண்டு ஓட்டினார்.

சில வளைவுகள் தாண்டி முள் மெல்ல எழுந்தது. காற்று வெதுவெதுப்பானபோது ஆஸ்பத்திரி வாசலே வந்துவிட்டது.

மருந்துப் புகை வைத்ததும் பிள்ளைக்கு மூச்சு சீரானது. "இந்தக் குளிர்ல இப்படியா கொண்டு வருவீங்க?" என்று நர்ஸ் கடிந்தபோது இலக்கியா பிள்ளையின் கையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண்டியப்பன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க முன்னாடி போங்கப்பா" என்றாள் இலக்கியா, அவர் முகத்தைப் பார்க்காமல். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் பஸ்ஸுல வாரேன்."