ஒரு நூல், இரண்டு நூல்

அட்டையை அப்பா பிடித்தார், பென்சிலை நான் கட்டினேன். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. இந்த வருஷம், 1952 மார்ச் மாதம், பாயா ரும்புட் பக்கத்துத் தோட்டத்தில், ரப்பர் ஷீட் உருட்டும் கொட்டகை.

அப்பா பாக்கியசாமி அங்கே பத்தொன்பது வருஷம் என்ஜின் ஓட்டினார். ஆறு மாதமாக உருளை மெஷினின் இரும்புச் சட்டம் ஆடியது. அதைத் தரையோடு பிடித்திருந்த நாலு போல்ட்டும் தேய்ந்திருந்தன. மெஷினுக்கு ஷீட் கொடுப்பவள் கோமளா. போல்ட் அறுந்தால் உருளை அவள் கைமேல் சாயும். அப்பாவுக்கு அந்த ஒரு கவலைதான்.

புது போல்ட் மலாக்காவில் கிடைக்கும். ஆனால் காட்டில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், நாட்டில் அவசரகாலம். முள்வேலி கேட்டுக்குள் இரும்புச் சாமான் வர தோட்ட மேனேஜர் துரையின் கடிதம் வேண்டும். "ஆடுது ஆடுதுன்னா துரை கேக்க மாட்டார். எவ்வளவுன்னு எழுதிக் கொடு" என்றார் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி அங்கமுத்து. கோலாலம்பூரில் பொறியியல் படித்து அங்கேயே வேலையில் இருந்த நான் அதற்காக லீவில் வந்தேன்.

சட்டத்தில் கட்டிய பென்சில் மேலும் கீழும் ஆட, அப்பா அட்டையை அதன் முனையில் வைத்து மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தார். அலை விழுந்தது.

கோமளா எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, மாடு நடந்துகிட்டே மூத்திரம் பேஞ்ச மாதிரி இருக்கு?"

"உன் கோலம் மட்டும் நேராவா இருக்கு? போ லா."

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை அங்கே நூல் என்பார்கள். அலையின் உச்சியிலிருந்து அடிவரை இரண்டு நூல். பொறியியல் கணக்கில் வீச்சு என்பது நடுவிலிருந்து ஒரு பக்கம் மட்டும், முழு ஆட்டத்தில் பாதி. எனவே ஒரு நூல். நிமிஷத்துக்கு இருநூற்று நாற்பது ஆட்டம். சட்டம் ஒவ்வொரு முறையும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு விசையோடு போல்ட்டை இழுத்தது. எழுதிக் கொடுத்தேன்.

கிராணி முதல் வரியோடு நிறுத்தினார். "ஒரு நூலா? இதுக்கா இவ்ளோ கூப்பாடு? என் நாற்காலி இதைவிட ஆடுது பாக்கியசாமி!"

அப்பா கோபப்படவில்லை. சாப்பிடும்போது சொன்னார்: "நீ எழுதுனது பாதி ஆட்டம். கோமளா கைக்குப் பக்கத்துல ஆடுறது முழு ஆட்டம்யா."

"கணக்கு சரிதான்பா."

"யாரு தப்புன்னா? ரெண்டையும் எழுது."

இரண்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு கோலாலம்பூர் திரும்பினேன். துரை கையெழுத்துப் போட எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் காலை, மலாக்கா பஸ்ஸுக்குச் சட்டை மாட்டும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. லோரி வருவதற்குள் போய்விட்டார்.

நான் வந்து, அடக்கம் முடிந்து அந்தச் சட்டையை மடிக்கும்போது பையில் கடிதம் இருந்தது. 'போல்ட் நாலு, வாஷர் எட்டு.' கீழே அப்பாவின் பென்சில் எழுத்து: 'நட்டும் கேள்.' கடிதம் அவர் பெயருக்கு மட்டும். கேட்டில் எனக்கு அது செல்லாது.

கிராணியிடம் போனேன். என் பெயருக்குக் கடிதம் எழுத அவர் புதுத் தாளை எடுத்தார். கையெழுத்துப் போடத் துரை புதன்கிழமைதான் வருவார்.

"அதுவரைக்கும் ஒரு சாண் தள்ளி நில்லு" என்று கோமளாவிடம் சொன்னேன்.

"மாமா தினம் சொல்லுவாருண்ணே" என்றாள்.

இன்று திங்கள். என்ஜினை வேறு ஆள் ஓட்டுகிறார். நாலு போல்ட்டும் இன்னும் மலாக்காக் கடையில்தான் இருக்கின்றன.