தவக்காலத்தில் விட்ட மாத்திரை

திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை எல்லோரும் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஆசிரியர் அறையில் நான் அழற்சியை, அதாவது இன்ஃப்ளமேஷனைப் பற்றிப் பேசினேன். நான் உயிர்வேதியியல் படித்தவள். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். நெடுநாள் மன அழுத்தம் உடலுக்குள் மெல்லிய அழற்சியை மூட்டிவிடக்கூடும், சிலருக்கு மனச்சோர்வு வர அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், மஞ்சளும் அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவும் அதைத் தணிக்குமா என்று ஆராய்கிறார்கள் என்றேன். எதுவும் இன்னும் உறுதியாகவில்லை என்றும் சொன்னேன். தனக்கு அழற்சி வருவதே இந்தப் பேப்பர் கட்டுகளைப் பார்த்துத்தான் என்றார் உடற்கல்வி ஆசிரியர். சிரித்தோம். கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்காமல், மஞ்சளை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று கேட்டார். பாலில், கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டு என்றேன்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்; சோழவந்தானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். கணவர் இறந்ததிலிருந்து மனச்சோர்வுக்கு அவர் மாத்திரை எடுத்துவந்தது பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்து மூன்றாவது வாரம், டீச்சர் கரும்பலகை முன்னால் அசையாமல் நிற்பதாகப் பத்தாம் வகுப்பு மாணவிகள் ஓடிவந்து சொன்னார்கள். போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தேன். தலை சுற்றுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, காலையில் எழுந்து சேலை கட்டவே முடியவில்லை என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"போன வருசம் தவக்காலத்துக்குக் காப்பிய விட்டேன். இந்த வருசம் மாத்திரைய விட்டுட்டேம்மா. அதான் மஞ்சப்பால் குடிக்கிறேன்ல."

தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் பிடித்தமான ஒன்றைத் துறப்பது வழக்கம்: கறியை, காப்பியை, சீரியலை. அந்த வரிசையில் அவர் மாத்திரையையும் சேர்த்துவிட்டார். அதற்கான துணிவை நான் கொடுத்திருந்தேன். உறுதியாகவில்லை என்றுதானே சொன்னேன் என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அந்த வாக்கியத்தை எவ்வளவு அவசரமாகச் சொல்லி முடித்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

டாக்டரிடம் போகலாம் என்றதற்கு அவர் மறுத்தார். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கைப் பாதியில் மீற முடியாதாம். கோயிலுக்கே எப்போதாவது போகிற நான் சொன்னால் எடுபடாது. அன்று மாலையே அவருடைய பங்குத்தந்தையிடம் அழைத்துப்போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்.

"நோயாளிக்கு நோன்பே கெடையாது டீச்சர். மருந்த விடச் சொல்லி ஆண்டவர் யாரையும் கேக்கல. எதையாச்சும் விட்டே ஆகணும்னா, பழையபடி காப்பிய விடுங்க."

"அதுக்கு மாத்திரையே பரவால்ல ஃபாதர்."

அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் சிரிப்பில்லை.

மறுநாள் அழைத்துப்போனபோது டாக்டர் திட்டவில்லை. இப்படித் திடீரென்று நிறுத்தினால் உடலும் தடுமாறும், நோயும் திரும்பக்கூடும் என்றார். மஞ்சள் பால் உணவாக இருக்கட்டும், மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம்; அமுக்கரா போன்ற எதையும் தன்னைக் கேட்காமல் தொடக் கூடாது. பழைய மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கிக்கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அந்த வாரங்கள் நீண்டன. பொதுத்தேர்வு நெருங்கியதால் அவருடைய வகுப்புகளை நாங்கள் இருவர் பகிர்ந்துகொண்டோம். தினமும் காலை ஆறு மணிக்கு அவரைப் போனில் கூப்பிடுவேன். மணி ஓயப்போகும் நேரத்தில் எடுத்து, எழுந்துவிட்டேன் என்பார். அது பொய் என்று குரலிலேயே தெரியும். மறுபடி பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவேன். நான்தான் இதற்குக் காரணம் என்று ஒருமுறைகூட அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

தவக்காலம் முடியும் தறுவாயில், குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள், முதல் மணியிலேயே எடுத்தார்.

"நான் குளிச்சிட்டேம்மா. நீ இன்னும் எந்திரிக்கலையா, கொரலு இப்படி இருக்கு?"

உண்மையில் நான் படுத்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ்ஸை விட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.